காவடி வீட்டில் ஒரு தோல் சோபா

என் தம்பி தணிகாசலம் வாசற்படியைத் தாண்டாமல் நின்றுகொண்டிருந்தான். ஆடி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். கையில் மஞ்சள் பை, பையில் எனக்காகப் பறித்துக்கொண்டு வந்த கத்தரிக்காய்.

உள்ளே வாடா என்றேன். வரவில்லை. ஹாலில் கிடக்கும் என் சோபாவை விரல் நீட்டிக் காட்டினான்.

"அந்த சோபாவ வெளிய போடுக்கா. அது உள்ள இருக்கிற வரைக்கும் காவடி உன் வீட்டுக்கு வராது."

கத்தரிக்காய்ப் பையை வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டான். நான் அதை எடுத்துக் காரக்குழம்பு வைத்து, அந்த சோபாவிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். இன்னொரு பிடி சோறும் போட்டுக்கொண்டேன். கோபம் வந்தால் எனக்குப் பசி கூடும்.

மின்சார ரயிலில் நான் போட்ட சண்டையைப் பற்றிப் போன வாரப் பத்தியில் எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்த ஒரு வாசகர், "அம்மா, நீங்கள் எப்போதுமே இப்படித்தானா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். ஆமாம் ஐயா, இப்படித்தான்.

அந்த ஒரு நாள்

வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். எங்கள் குடும்பம் கனகம்மாசத்திரம் பக்கம் நிலம் வைத்துப் பயிர் செய்கிற குடும்பம். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலைக்குப் புஷ்பக் காவடி எடுப்பது நைனா தொடங்கிய வழக்கம். அவருக்குப் பிறகு தணிகாசலம் எடுக்கிறான்.

நான் திருத்தணியில் மலையடிவாரத்தில் வீடு கட்டிய பிறகு, கிருத்திகைக்கு முந்தின நாளான பரணியன்று சாயங்காலமே காவடி என் ஹாலில் வந்து இறங்கும். மறுநாள் காலை அங்கிருந்துதான் புறப்படும்.

நான் கல்யாணம் செய்துகொள்ளாதவள். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் சொந்தக்காரர்கள் இருபது, இருபத்தைந்து பேர் என் வீடு தேடி வந்து, தங்கி, என் கையால் சாப்பிடுகிற நாள் வருடத்தில் அது ஒன்றுதான். அந்த நாளுக்காக ஆனி மாதமே பாய்களை வெயிலில் போட ஆரம்பித்துவிடுவேன். இது தணிகாசலத்துக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அங்கே கை வைத்தான்.

ஊரார் வீட்டில் வரைந்தது

அப்படி என்ன பெரிய சோபா என்று கேட்பீர்கள். எல்லா சோபாவிலும் சட்டம் உள்ளே ஒளிந்திருக்கும், மெத்தை வெளியே தெரியும். இதில் சட்டம் வெளியே. பளபளவென்று வளைத்த ஸ்டீல் குழாய்கள், அதற்குள்ளே செருகி வைத்த கறுப்புத் தோல் மெத்தைகள். அவ்வளவுதான். பூ வேலை கிடையாது, சிங்க முகம் கிடையாது. இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். சொந்தக்காரர்கள் என்றால் மூன்று பேர்.

சென்னையில் ஒரு கட்டிட வரைபட அலுவலகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன். விடியற்காலை ரயிலில் போய், இருட்டியதும் திரும்புவேன். முதலாளி கோடு போட்டுக் கொடுப்பார். நான் அதை ஒழுங்காக வரைந்து முடிப்பேன், முதலில் மையில், பிறகு கம்ப்யூட்டரில். எந்த வீட்டு வரைபடமானாலும் வரவேற்பறை என்று வந்தால் இந்த சோபாவைத்தான் அளவு பிசகாமல் போடச் சொல்வார். அது உலகமெல்லாம் பேர் வாங்கின வடிவம், இதற்கு மேல் ஒரு கோடு கூட்டவும் முடியாது குறைக்கவும் முடியாது என்பார்.

எத்தனை வீடுகளின் ஹாலில் அதை வரைந்தேன் என்று எனக்கே தெரியாது. எல்லாம் அடுத்தவர் வீடு.

நிஜ சோபா அலுவலகத்தின் முன்னறையில் இருந்தது, வருகிற பெரிய மனிதர்களுக்காக. நாங்கள் உட்காரக் கூடாது என்று யாரும் எழுதி ஒட்டவில்லை. ஒட்ட வேண்டிய அவசியமும் இல்லை. எங்களுக்கு முதுகு இல்லாத ஸ்டூல்.

ஒரு மழை நாள். ரயிலில் நின்றபடியே வந்து, கால் இரண்டும் விண்ணென்று வலித்தது. முன்னறையில் யாரும் இல்லை. உட்கார்ந்தேன். ஐந்து நிமிடம் இருக்கும், முதலாளி உள்ளே வந்தார். சிரித்துவிட்டுத்தான் போனார். நான் எழுந்ததும் பியூனைக் கூப்பிட்டு, அதை நல்லா ஒரு முறை தொடச்சிடுப்பா என்றார். புடவை நனைந்திருந்தது உண்மைதான். ஆனால் நனைந்த புடவைக்குச் சொன்னதா எனக்குச் சொன்னதா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம். கழிவறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு அழுதேன்.

பின்னால் அவருக்கு வயதாகி அலுவலகத்தை மூடியபோது, ஆளுக்கு ஒரு பொருள் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். ஒருவர் பீரோவைக் கேட்டார், ஒருவர் மின்விசிறியைக் கேட்டார். நான் சோபாவைக் காட்டினேன். உன் வீட்டில் இதற்கு இடம் இருக்கிறதா என்று கேட்டார். வீடு வரையும்போதே விட்டு வைத்திருக்கிறேன் சார் என்றேன். சும்மா கொடுக்க வந்தார். வேண்டாம், விலை சொல்லுங்கள் என்று வாங்கிக்கொண்டு வந்தேன். இனாமாக வாங்கியிருந்தால் அது கடைசிவரை அவர் சோபாவாகவே இருந்திருக்கும்.

கம்பியைக் கழற்ற வந்தவர்கள்

மினி லாரியில் வந்து இறங்கிய அன்று நடந்த கூத்தைச் சொல்ல வேண்டும். இறக்கக் கூப்பிட்ட இரண்டு பேரும் சோபாவைத் தெருவில் வைத்துவிட்டு, ஸ்பானரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஏன் என்றால், அடிபடாமல் இருக்கக் கம்பி கட்டி அனுப்பியிருக்கிறார்களாம், அதைக் கழற்றிவிட்டு உள்ளே வைக்கிறார்களாம்.

நான் அடுப்படியிலிருந்து ஓடி வருவதற்குள் ஒரு போல்ட்டை எடுத்தே விட்டார்கள். கம்பியும் சோபாதான் என்று புரிய வைப்பதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டது. அவர்கள் இருவரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, இந்த அம்மாவை நன்றாக ஏமாற்றி அனுப்பியிருக்கிறார்கள் என்ற இரக்கப் பார்வை.

சோபாவோடு குடித்தனம் நடத்துவதும் சுலபம் இல்லை. எங்கள் ஊர் சித்திரை வெயில் உங்களுக்குத் தெரியும், தினசரி வெப்பத்தைச் சொல்லும்போது திருத்தணி பேர் வராத நாள் கிடையாது. கரண்ட் போன மத்தியானத்தில் தோல் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். எழுந்தால் பிய்த்து எடுக்கிற மாதிரி இருக்கும். மார்கழியில் கம்பி சில்லிடும். ஐப்பசி மழையில் ஒரு மாதிரி வாடை அடிக்கும். மேலே ஒரு துண்டாவது விரித்துக்கொள்ளேன் என்று வருகிறவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். விரிக்க மாட்டேன். துண்டின் மேல் உட்காருவதற்கு ஸ்டூலே போதுமே.

நான் சொன்ன பொய்

சோபா வந்த பிறகு வந்த முதல் ஆடியில்தான் நான் தப்புச் செய்தேன். பரணியன்று காவடியை இறக்கி வைத்துவிட்டு தணிகாசலம் அதைத் தடவிப் பார்த்தான். தோலா என்று கேட்டான். விரதக்காரர்கள் தோல் செருப்பைக்கூடக் கழற்றி வைக்கிற ஊர் இது. உள்ளே இருபத்தைந்து பேருக்குச் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. எங்கே எல்லோரும் எழுந்து போய்விடுவார்களோ என்று பயந்தேன்.

"ரெக்சின்டா" என்றேன்.

அவ்வளவுதான், நிம்மதியாக எல்லோரும் உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் குதித்தன. தணிகாசலத்தின் மனைவி சுகுணா, பாவம், ஊரிலிருந்து சமையல் சாமான் தூக்கி வந்த அலுப்பில் அதிலேயே தூங்கிப்போனாள். தணிகாசலம் கழுத்தில் மாலையோடு சம்மணம் போட்டு அதில் உட்கார்ந்து பால் குடித்தான். மறுநாள் காவடி எடுத்தான், குறை ஒன்றும் இல்லாமல் இறங்கினான்.

பொங்கல் சமயத்தில் வெளிப்பட்டது. சுகுணாவின் தம்பி முரளி ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் கம்பெனியில் வேலை செய்கிறவன். அக்கா வீட்டுக்காரர்களோடு வந்தவன், சோபாவில் உட்கார்ந்த மாத்திரத்தில் குனிந்து முகர்ந்து பார்த்தான். கட்டை விரலால் அழுத்தினான். முகம் மலர்ந்துவிட்டது. இது ஒரிஜினல் தோல், வெளிநாட்டுக்கு அனுப்புகிற ரகம், இந்தப் பதம் இப்போது யாரும் செய்வதில்லை என்று ஐந்து நிமிடம் புகழ்ந்தான். நல்ல பிள்ளை. அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தணிகாசலம் மெதுவாக எழுந்து நின்றான். அதை மனசிலேயே ஆடி வரை வைத்திருந்துதான் கத்தரிக்காயோடு வந்தான்.

அடிக்கிற தோல், உட்கார்கிற தோல்

மறுநாள் போனில் கூப்பிட்டேன். விடுவேனா? காவடிக்கு முன்னால் பம்பை அடித்துக்கொண்டு போகிறார்களே, அதில் என்ன கட்டியிருக்கிறது, வாழை இலையா என்று கேட்டேன். அது சாமிக்கு அடிக்கிற தோல், இது நீ உட்கார்கிற தோல் என்றான். பதில் தயாராக வைத்திருந்தான். போன வருடம் இதே சோபாவில் உட்கார்ந்துவிட்டுத்தானே காவடி எடுத்தாய், முருகன் திருப்பி அனுப்பிவிட்டானா என்றேன்.

அதற்கு அவன் சொன்னான்:

"தெரியாம செஞ்சது வேறக்கா. நீ எனக்குப் பொய் சொல்லி, மாலை போட்டுகினு இருந்தவன அதுமேல உக்கார வெச்ச."

அது சுருக்கென்று தைத்தது. அவன் சொன்னது நியாயம். பொய்க்கு மன்னிப்புக் கேட்டேன், மனசாரக் கேட்டேன். சோபாவுக்குக் கேட்கவில்லை.

அவனும் இறங்கி வந்தான். மூன்றே மூன்று நாள், மொட்டை மாடியில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்துவிடு, காவடி போன பிறகு மறுபடி இறக்கிக்கொள் என்றான். குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் அதே பேச்சு. ஒரு சித்தப்பா சோபா உறை விற்கிற கடைப் படத்தை அனுப்பினார், ரோஜாப்பூ போட்டது.

மூன்று நாள்தானே, நீங்களும் அதைத்தான் நினைப்பீர்கள். நானும் ஒரு பொழுது பூராவும் யோசித்தேன். மாடிக்கு ஏற்றினால் அது தீண்டத்தகாத பொருள் என்று நானே என் வாயால் ஒப்புக்கொண்டதாகிவிடும். நாலாம் நாள் அதில் எந்த முகத்தோடு உட்காருவேன்? இது நான் உழைத்து வாங்கின பொருள், நான் வரைந்த வீடு, நான் விட்ட இடம். சாமி வரும்போது ஒளித்து வைக்கிற மாதிரி நான் எதையும் சம்பாதிக்கவில்லை.

முடியாது என்று குழுவில் எழுதினேன். அவன் உடனே, அப்படியானால் இந்த வருடம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மண்டபத்தில் காவடி இறங்கும், சாப்பாடும் அங்கேயே என்று போட்டான். வரிசையாகக் கட்டை விரல்கள் வந்து விழுந்தன. எண்ணவில்லை, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

என் காவடி

இரண்டு நாள் வெந்துகொண்டிருந்தேன். மூன்றாம் நாள் காலை பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது தோன்றியது. காவடி என் வீட்டுக்கு வராவிட்டால் என்ன, என் வீட்டிலிருந்து கிளம்பட்டுமே.

எங்கள் குடும்பத்தில் பெண்கள் காவடி எடுத்ததில்லை. மலைக்கு வருகிற கூட்டத்தில் எத்தனையோ பெண்கள் எடுக்கிறார்கள், ஆந்திராவிலிருந்து வருகிறவர்களில் பாதிப்பேர் பெண்கள்தான். எங்கள் வீட்டில் மட்டும் நாங்கள் பால் சொம்பு தூக்குவதோடு சரி. குருக்கள் யாரையாவது கேட்டுச் செய்யக் கூடாதா என்று எதிர்வீட்டு அம்மா கேட்டார். கேட்டால் பதில் வரும், அதனால்தான் கேட்கவில்லை என்றேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். காவடி எடுத்து இறங்கியவர் வீட்டுச் சாப்பாட்டை மறுக்கக் கூடாது என்பது நைனா வைத்த கட்டு. பகையாளியாக இருந்தாலும் வந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். மறுத்தால் அது முருகனை மறுத்ததாகும். இதை நினைக்காமல் நான் காவடி எடுக்கவில்லை. பக்தி பாதி, வீம்பு பாதி. முருகனுக்குத் தெரியாததா?

மாலை போட்டேன். மஞ்சள் புடவை, ஒரு வேளைச் சாப்பாடு, படுக்கை தரையில். அந்த நாட்களில் சோபாவில் உட்கார்ந்தேனா என்று தெருவில் பல பேருக்குக் கவலை. உட்கார்ந்தேன். கந்தன் பேரைச் சொல்லிக்கொண்டேதான் உட்கார்ந்தேன்.

பரணியன்று சாயங்காலம் அடிவாரக் கடையில் வாங்கிய சின்னக் காவடியை ஹாலில் வைத்து, சாமந்தியும் அரளியும் கட்டினேன். தெருவெல்லாம் ஒலிபெருக்கி, அரோகரா சத்தம். வீட்டுக்குள் நான், காவடி, சோபா. வெயிலில் போட்டு எடுத்த பாய்கள் ஓரமாகச் சுருட்டியபடியே கிடந்தன. எதற்கு இந்தப் பிடிவாதம், பேசாமல் மாடியில் ஏற்றியிருக்கலாமே என்று அப்போது ஒரு நிமிடம் நினைத்தேன். பிறகு எழுந்து போய் இருபத்தைந்து பேருக்கு அரிசி அளந்து வைத்தேன்.

கிருத்திகைக் காலையில்தான் ஒரு சிக்கல் உறைத்தது. காவடியைத் தானே தூக்கித் தோளில் வைத்துக்கொள்ளக் கூடாது, உறவில் ஒருவர் எடுத்து வைக்க வேண்டும். நைனாவுக்கு அம்மா வைப்பார், தணிகாசலத்துக்கு சுகுணா. எனக்கு யார்? எதிர்வீட்டு அம்மா அடுப்பைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார், ஆனால் அவர் உறவில்லையே. சரவணப் பொய்கையில் முழுக்குப் போட்டு வந்த ஈரப் புடவையோடு காவடி முன்னால் நின்றுகொண்டே இருந்தேன்.

வாசலில் நிழல் தெரிந்தது. சுகுணா. பஸ் ஸ்டாண்டிலிருந்து அந்தக் கூட்டத்தில் நடந்தே வந்திருக்கிறாள், மூச்சு வாங்குகிறது. தம்பி அனுப்பினானா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். அவருக்குத் தூக்கி வைத்துவிட்டு அப்படியே வந்துவிட்டாளாம். சொல்லிக்கொண்டே நேராகப் போய் சோபாவில் உட்கார்ந்தாள். தெரியாமல் இல்லை, முரளி புகழ்ந்த அன்று அவளும்தான் இருந்தாள்.

"ரெண்டு நிமிசம் அண்ணி. கால் கடுக்குது. நீங்க ஒத்தையா நின்னுகினு இருப்பீங்கன்னு எனக்கு மனசு கேக்கல."

உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். காவடியை எடுத்து என் தோளில் வைத்தாள். அவளும் நானும் மட்டும் அரோகரா சொன்னோம். இரண்டு பேர் குரலாக இருந்தாலும் ஹால் அதிர்ந்தது.

இறங்கிய பிறகு

படி ஏறும்போது தோள் கழன்றுவிடும் போல வலித்தது. முன்னாலும் பின்னாலும் ஜனம். தெலுங்கில் ஒருத்தி, நில்லாதே அம்மா, ஏறு ஏறு என்று முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டே வந்தாள். காவடிப் பூவைச் சாமிக்குக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது எதிரே தணிகாசலம். முட்டி வலியால் இந்த வருடம் படி ஏறாமல், நெரிசலில் ஊர்ந்த ஆட்டோவில் மேல்வரை வந்திருக்கிறான். தோளில் அவன் காவடி. என் தோளைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான்.

இறங்கி வந்து வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போ என்றேன். அவன் பின்னால் நின்ற சித்தப்பாக்கள், அத்தைகள் எல்லோர் காதிலும் விழும்படிதான் சொன்னேன்.

மத்தியானம் ஒவ்வொருவராக வந்தார்கள். முதலில் பிள்ளைகள், அப்புறம் அத்தைகள். ரோஜாப்பூ உறைப் படம் அனுப்பிய சித்தப்பா வந்தவுடன் சாம்பார் வாசனை நன்றாக இருக்கிறது என்றார். ஹால் நிறையப் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். சுகுணாவும் நானும் பரிமாறினோம். சோபாவில் யாரும் உட்காரவில்லை. உட்காரச் சொல்லி யாரையும் நான் கெஞ்சவும் இல்லை.

கடைசியாகத் தணிகாசலம் வந்தான். வாசற்படியில் ஒரு கணம் நின்று, உள்ளே காலை வைத்தான். தரையில் உட்கார அவன் முட்டி விடாது. நாற்காலி ஒன்றுதான், அதில் சித்தப்பா. காலியாக இருந்தது சோபா மட்டும். எல்லோரும் இலையைப் பார்த்துச் சாப்பிடுவது போல அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் ஒரு பாக்குமட்டைத் தட்டில் சோறு போட்டு, குழம்பு ஊற்றி, அவன் கையில் கொடுத்தேன். உட்கார் என்று சொல்லவில்லை. நாற்காலி கேட்டு எதிர்வீட்டுக்கு ஆள் அனுப்பவும் இல்லை. அவனும் கேட்கவில்லை. நின்றபடியே சாப்பிட ஆரம்பித்தான்.

பாதிச் சோறுதான் முடிந்திருக்கும். ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறினான். தட்டைப் பக்கத்துச் சுவர் மாடத்தில் வைத்துக்கொண்டு, இடது கையை மெதுவாக நீட்டி சோபாவின் ஸ்டீல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். கம்பியை மட்டும்தான், தோல் மேல் ஒரு விரலும் படவில்லை. அப்படியே நின்று முழுச் சோற்றையும் சாப்பிட்டான்.

மோர் ஊற்றட்டுமா என்று கேட்டேன்.

"ஊத்துக்கா" என்றான். கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை.